சதவீதத்தோடு பழைய தொகையையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெல் கொள்முதல் செய்தி என்றால் அதில் சதவீதம் இருக்கும். எதிலிருந்து எத்தனை சதவீதம் என்பதுதான் பல நேரம் தெரிவதில்லை. 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லின் ஆதரவு விலையை மத்திய அரசு குவிண்டாலுக்கு 2300 ரூபாயிலிருந்து 2369 ரூபாயாக்கியது. கூடிய 69 ரூபாயைப் பழைய 2300-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 3 சதவீதம். ஏற்றமோ இறக்கமோ, பழைய தொகையால்தான் வகுக்க வேண்டும். அதனால்தான் 20 சதவீதம் ஏறி 20 சதவீதம் இறங்கிய விலை பழைய இடத்துக்கு வருவதில்லை; 100 ரூபாய் 120 ஆகி, 96-ல் நிற்கும்.

ஈரப்பதத்தில்தான் குழப்பம் அதிகம். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17-க்குக் காயவைத்தால் 5 கிலோ குறையும் என்றே டெல்டாவில் பலரும் நினைக்கிறார்கள். அந்த நெல்லில் ஈரம் போக இருப்பது 78 கிலோ. காய்ந்தபின் இதே 78 கிலோ மொத்த எடையில் 83 சதவீதம். சரி, 78-ஐ 0.83-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 94 கிலோ. குறைவது 6 கிலோ! சம்பா அறுத்து நூறு குவிண்டால் காயவைப்பவருக்கு அந்தக் கூடுதல் ஒரு கிலோ, ஒரு குவிண்டால் நெல்.

சதவீதம் வரும் செய்திகளில் பழைய தொகை, புதிய தொகை இரண்டையும் சேர்த்தே அச்சிட வேண்டுகிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலும் இந்த எடைக் கணக்கைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

- ஒரு விவசாயி, மன்னார்குடி