மருமகனின் தலைமுடி பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. ஆனைமலைப் பக்கம் மழை ஓரளவுக்குப் பெய்திருக்கிறது என்று படித்ததில் நிம்மதி. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் அடங்கவில்லை என்கிறாய். கீற்றின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதையும், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவதையும் விட்டுவிடாதே. இங்கே கோபியில் தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. நடவுக்கு ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

சரி, உன் மகன், என் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். பெண் பார்க்கக் கூப்பிட்டால் திருப்பூரிலிருந்து கிளம்பவே மாட்டேன் என்கிறான், முடி கொட்டுவதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. மருந்துக் கடை வைத்திருக்கிறவனாயிற்றே என்று நல்ல எண்ணெயாக ஒன்று சொல்லச் சொல்கிறாய். எண்ணெய்ப் பெயர் எதையும் நான் எழுதப்போவதில்லை. ஒவ்வொரு எண்ணெயாகத் தேய்த்துப் பார்ப்பதில் ஒரு வருஷம் ஓடிவிடும். அவனுக்கு இப்போது அந்த ஒரு வருஷம்தான் முக்கியம்.

முதலில் எந்த மாதிரி கொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நம் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடி இருக்கிறது. நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். டெங்கு, டைபாய்டு மாதிரி கடுங்காய்ச்சல் வந்தாலோ, பட்டினி கிடந்து உடம்பைக் குறைத்தாலோ, இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெற்றவர்கள் பயந்துபோவார்கள், ஆனால் பெரும்பாலும் ஆறேழு மாதத்தில் தானாகவே திரும்பிவிடும். வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு, அதற்கு வைத்தியமே வேறு. மருமகனைப் பொங்கலுக்குப் பார்த்தேனே, நெற்றியின் இரண்டு ஓரமும் மேலே ஏறியிருக்கிறது, உச்சியில் தோல் தெரிகிறது. இது பரம்பரையாக வருகிற ஆண் வழுக்கை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதில் முடி கொட்டுவதைவிட வேர் சிறுத்துப் போவதுதான் விஷயம். ஒரு முடி 2 முதல் 6 வருஷம் வளரும், சுமார் மூன்று மாதம் ஓய்வெடுக்கும், பிறகு விழும். அதே வேரிலிருந்து அடுத்தது முளைக்கும். ஆண்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன் டிஎச்டி என்ற இன்னொன்றாக மாறுகிறது. பரம்பரையில் அதற்கு ஒத்துக்கொள்ளாத வேர்கள், முன்நெற்றியிலும் உச்சியிலும் இருப்பவை, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்கும். அடுத்த முடி இன்னும் மெல்லிசாக, இன்னும் குட்டையாக வரும். கடைசியில் பூனைமுடிதான் மிஞ்சும். ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1942-லேயே இதைக் கண்டு எழுதினார். பருவம் வருவதற்கு முன்பே விதை நீக்கப்பட்டவர்களுக்கு இந்த வழுக்கை வருவதில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு விழ ஆரம்பித்தது. தாய்மாமன் தலையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம் ஊரில் சொல்வது பாதி சரி. முக்கியமான மரபணு ஒன்று தாய் வழியில் வருகிறது, மற்றவை இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். ஆகவே தங்கச்சி வீட்டு வழியை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்காதே.

திருப்பூர் ரூமில் போர் தண்ணீர் உப்பாக இருப்பதால்தான் என்று அவன் நினைக்கிறானாம். உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகும், நடுவில் உடையும், ஆனால் இப்படி நெற்றி ஏறாது. ஹெல்மெட்டும் காரணமில்லை. பழனிக்கு மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று தங்கச்சி வேண்டியிருந்தால் தாராளமாக முருகனுக்குக் கொடுக்கட்டும், அது பக்தி. கத்தி தோலுக்கு அடியில் இருக்கிற வேரைத் தொடுவதில்லை. உங்கள் செக்குத் தேங்காயெண்ணெய் முடியின் புரதம் கரைந்துபோகாமல் காக்கும், அதற்காகத் தேய்க்கட்டும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

பலன் தருகிறது என்று சோதித்துத் தெரிந்த மருந்து முக்கியமாக இரண்டு. ஒன்று மினாக்சிடில். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாகக் கொடுத்தபோது உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள், அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கு வழக்கமாக 5 சதவீத மருந்து, காலையும் மாலையும். முதல் சில வாரங்களில் இன்னும் அதிகமாகக் கொட்டும். என் கடைக்கு வருகிற பையன்களில் நிறையப் பேர் அங்கேதான் பயந்து விட்டுவிடுகிறார்கள். பழைய முடி விழுந்து புதிது வருகிற நேரம் அது. குறைந்தது ஆறு மாதம் பொறுக்க வேண்டும். நிறுத்தினால் சில மாதங்களில் வந்தது போய்விடும், இதையும் முதலிலேயே தெரிந்துகொண்டு தொடங்கட்டும்.

இன்னொன்று பினாஸ்டிரைடு, 1 மில்லிகிராம் மாத்திரை. 1997-லிருந்து இதற்காகக் கொடுக்கிறார்கள். டிஎச்டி உண்டாவதைக் குறைத்து, வேர் சுருங்குவதைத் தடுக்கும். ஆனால் டாக்டர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், மனச்சோர்வும் வரலாம். கல்யாணம் பேசுகிற நேரம், அவன் கூச்சப்படாமல் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். வீட்டில் பெண் கர்ப்பமாக இருந்தால் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடக்கூடாது.

இரண்டுமே இருப்பதைக் காப்பதில்தான் கெட்டி. குருத்து அழுகிப்போன தென்னைக்கு எவ்வளவு உரம் வைத்தாலும் என்ன பிரயோஜனம்? அதனால்தான் இப்போதே போகச் சொல்கிறேன். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கேயே காட்டலாம். ரத்தத்தில் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொன்னால் பார்க்கட்டும். முடிக்கென்று விற்கிற பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடட்டும், அது தைராய்டு பரிசோதனை முடிவைத் தப்பாகக் காட்டலாம். சத்துக் குறைவு இல்லாதவனுக்கு அந்த மாத்திரை தேவையும் இல்லை.

முடி நடுகிற சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம். பின்மண்டை வேர்களை டிஎச்டி அவ்வளவாக ஒன்றும் செய்யாது, அவற்றை எடுத்துத்தான் முன்னால் நடுகிறார்கள். 23 வயதில் வழுக்கை எதுவரை போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது முன்வரிசையை நட்டு, பின்னால் இருப்பது தொடர்ந்து கொட்டினால் நடுவில் தீவு மாதிரி நிற்கும். எடுக்கிற இடத்திலும் முடி அளவோடுதான் இருக்கிறது.

அப்புறம் ஒன்று, கோபித்துக்கொள்ளாதே. விசேஷத்தில் பெரியவர்கள் அவனைச் 'சொட்டை' என்று கூப்பிட்டபோது நீயும் சிரித்தாய். அவன் முகத்தை நான் பார்த்தேன். அந்தப் பேச்சை வீட்டில் நிறுத்து. தரகர் பழைய போட்டோ கேட்டால் கொடுக்காதே, இப்போது எடுத்ததையே கொடு. மருந்தெல்லாம் வேண்டாம், இப்படியே இருந்துவிடுகிறேன் என்று அவன் சொன்னாலும் அதுவும் சரிதான். இது நோயில்லை, முடிவு அவனுடையது.

என்னோடு நேரில் பேசச் சொல். ஞாயிற்றுக்கிழமை கடை மத்தியானம் வரைதான், திருப்பூரிலிருந்து பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடலாம். இதுவரை தடவியது, சாப்பிட்டது எல்லாவற்றின் டப்பாவையும் எடுத்துவரட்டும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்