எய்தவன் இருக்க, இந்தத் தடவை அம்பைத்தான் நோகணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல வில்வித்தைக்கு ஒரு முழுப் பக்கம் குடுத்திருந்தீங்க, கிரிக்கெட்டைத் தாண்டி இப்படி ஒண்ணு வர்றதே அபூர்வம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா அந்தக் கேள்வி பதில் பகுதி மட்டும் மனசுக்கு ஒப்பல. பையன் 35 பவுண்டு மரவில்லு (வில்லோட எடை இல்ல, நாணை இழுக்க வேண்டிய பலம்) வச்சிருக்கான், விலை ஒசந்த கார்பன் அம்பு வாங்கிக் குடுத்தேன், எல்லாம் இடது பக்கமாவே போய்க் குத்துதுன்னு ஒரு அப்பா கேட்டிருந்தாரு. இன்னும் பயிற்சி எடுக்கணும், கவனம் பத்தலைன்னு பதில் போட்டுட்டீங்க. பாவம் சார் அந்தப் பையன். வலது கைக்காரன் அம்பு கூட்டமா ஒரே இடத்துல இடது பக்கம் போய்க் குத்துதுன்னா அவன் கை ஒழுங்கா இருக்குன்னுதான் அர்த்தம், அம்புதான் அந்த வில்லுக்கு விறைப்பா இருக்கு.

மரவில்லுல என்ன நடக்குதுன்னா, ஒலிம்பிக்ல பாக்கற ரீகர்வ் வில்லு மாதிரி நடுவுல நல்லா வெட்டி எடுத்திருக்க மாட்டாங்க, அதனால நாண்ல அம்பைக் கோர்த்து வச்சாலே அதோட மூக்கு லேசா இடது பக்கம் பாத்துட்டுதான் இருக்கும். விரலை விட்டதும் நாண் பின்னாலேர்ந்து தள்ளற வேகத்துல அம்பு வில்லு மாதிரியே வளைஞ்சு, கைப்பிடியைச் சுத்திக்கிட்டு, மீன் நெளியற மாதிரி நெளிஞ்சு அப்புறம்தான் நேர்கோட்டுக்கு வரும். இதுக்கு ஆர்ச்சர்ஸ் பாரடாக்ஸ்னு பேரு, அமெரிக்காவுல கிளாரன்ஸ் ஹிக்மன்ங்கற இயற்பியல்காரர் 1930கள்லயே ஹை-ஸ்பீடு கேமராவுல இதைப் படம் பிடிச்சுக் காட்டிட்டாரு. அம்பு தேவையான அளவுக்கு வளையலைன்னா வில்லோட பக்கத்துல இடிச்சுட்டு இடது பக்கம் ஓடும், ரொம்ப வளைஞ்சா வலது பக்கம். இடது கைக்காரங்களுக்கு இது அப்படியே தலைகீழ், கொரியாப் பாணில கட்டை விரலால இழுத்து அம்பை வில்லுக்கு வலது பக்கம் வைக்கறவங்களுக்கும் அப்படித்தான்.

இந்த விறைப்பைத்தான் ஸ்பைன்னு சொல்றாங்க. 28 இஞ்ச் இடைவெளியில ரெண்டு தாங்கல் மேல அம்பை வச்சு நடுவுல 1.94 பவுண்டு, அதாவது சுமார் 880 கிராம் எடையைத் தொங்க விட்டா எவ்வளவு தொய்யுதோ அதான் அந்த நம்பர். அரை இஞ்ச் தொய்ஞ்சா 500. நம்பர் ஏற ஏற அம்பு மெத்துனு இருக்கும், இங்கதான் நிறைய பேர் ஏமாறறாங்க, 400ன்னா 600ஐ விட மெத்துனு நினைச்சு வாங்கிடறாங்க. 35 பவுண்டு மரவில்லுக்கு பெரும்பாலும் 600ல ஆரம்பிக்கலாம், பையன் குட்டைக் கையா இருந்தா 700 கூட சரிவரும், ஏன்னா வில்லுல எழுதியிருக்கற பவுண்டு 28 இஞ்ச் இழுத்தாதான், அதுக்குக் கீழ ஒவ்வொரு இஞ்ச்சுக்கும் ரெண்டு மூணு பவுண்டு குறைஞ்சுடும்.

விலை விஷயமும் ஒண்ணு சொல்லிடறேன். கார்பன் அம்புல விலை ஏறறது பெரும்பாலும் எவ்வளவு நேரா இருக்குங்கறதுக்கு, 0.006 இஞ்ச் கோணல், 0.001 இஞ்ச் கோணல்னு தரம் பிரிச்சு விப்பாங்க. 20 மீட்டர்ல விரலால எய்யற பையனுக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஸ்பைன் தப்பா இருந்தா எவ்வளவு விலை குடுத்தும் வேஸ்ட்.

எனக்குக் கோவம் வர்றது வெட்டற விஷயத்துலதான். கார்பன் அம்பு முழு நீளமா 32 இஞ்ச் கிட்ட வரும். எங்க கிரவுண்டுக்கு வர்ற ஒரு பொண்ணுக்கு கடையில கை நீளத்தை அளந்து, ஒரு டஜன் அம்பையும் எய்து பாக்காமலே 28 இஞ்ச்சுக்கு வெட்டிக் குடுத்துட்டாங்க. அம்பு குட்டையாக ஆக விறைப்பு கூடும். நாலு இஞ்ச் போனா ஏறக்குறைய வேற அம்பு மாதிரிதான். வெட்டினதை ஒட்ட முடியாது, அந்த டஜனும் அவளுக்கு உதவாமப் போச்சு.

சரியான வழி ரொம்ப சிம்பிள்தான், பொறுமைதான் வேணும். ரெண்டு மூணு அம்பு மட்டும் முழு நீளத்துல வாங்கி, 125, 145, 175 கிரெயின்னு (அம்பு எடைக்கு வச்சிருக்கற சின்ன அளவு) மரை போட்ட பாயின்ட்டுகளை, அதாவது முனைகளை, மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கணும், முனை கனமாக ஆக அம்பு மெத்துனு நடந்துக்கும். அதுல ஒண்ணுக்கு இறகே ஒட்டாம மொட்டையா விடணும், இறகு தப்பையெல்லாம் மூடி மறைச்சுடும், மொட்டை அம்பு மறைக்காது. முதல்ல 10 கெஜத்துல இறகு உள்ளதையும் மொட்டையையும் எய்து பாக்கணும், சரியா இருந்தா அப்புறம் 20. மொட்டை, இறகு உள்ளதை விடக் கீழ போய்க் குத்துதுன்னா நாண்ல நாக் (அம்போட பின்முனைப் பிளவு) மாட்டற இடம் மேல இருக்கு, முதல்ல அதைத்தான் சரி பண்ணணும், அது சரியில்லாம இடது வலது பாக்கறதுல அர்த்தமே இல்ல. அப்புறம் மொட்டை இடது பக்கம் போனா விறைப்பு, முனைக்கு எடை கூட்டு. வலது பக்கம் போனா மெத்து, எடையைக் குறை, அதுக்கும் அடங்கலைன்னா கால் இஞ்ச் கால் இஞ்ச்சா மட்டும் வெட்டு. அம்பு வைக்கோல்ல சாய்ஞ்சு நிக்கறதைப் பாத்து முடிவு பண்ணக்கூடாது, வைக்கோல் அடர்த்தி அதை எப்படி வேணா திருப்பும், குத்தின இடம்தான் கணக்கு. ஒரு கண்டிஷன், இறகு உள்ள அம்பெல்லாம் ஓரளவு ஒரே இடத்துல விழணும். சிதறி விழற ஆளுக்கு மொட்டை அம்பு எதையும் சொல்லாது, அப்போ நீங்க சொன்ன பயிற்சிதான் மருந்து.

இன்சர்ட்டை, அதாவது முனையைத் திருகறதுக்கு அம்புக்குள்ள வைக்கற சின்னக் குழாயை, ஒட்ட கம்மிச் சூட்டுல உருகற ஹாட் மெல்ட் பசை வாங்குங்க, கொதிக்கற தண்ணில முனையைக் கொஞ்ச நேரம் வச்சா கழண்டு வந்துடும், நெருப்புல காட்டினா கார்பனைப் பிடிச்சு வச்சிருக்கற ரெசின் போயிடும். அம்பை வில்லு மேலயே வச்சு எய்யறவங்க இறகுக்குப் பதிலா ஒட்டற பிளாஸ்டிக் வேன் வேண்டாம், இறகுதான், அது உரசும்போது மடங்கிக் குடுக்கும். மொத்த எடையும் ரொம்ப லேசா போகக்கூடாது, பவுண்டுக்கு 10 கிரெயின்னு வச்சா 35 பவுண்டுக்கு 350, கிட்டத்தட்ட 23 கிராம், அதுக்கு ரொம்பக் கீழ போனா மரவில்லுக்கு ஆகாது.

அந்த அப்பாவுக்கு இன்னொண்ணு, இதை மட்டும் அவசியம் போடுங்க. வில்லு பக்கத்துல இடிச்ச அம்பை எய்யறதுக்கு முன்னால ரெண்டு முனையும் பிடிச்சு லேசா வளைச்சு, உருட்டி உருட்டி எல்லாப் பக்கமும் பாக்கச் சொல்லுங்க, நரநரன்னு சின்ன சத்தம் கேட்டாலும் ஒடிச்சுக் குப்பைல போட்டுடணும், விரிசல் விட்ட கார்பன் எய்யும்போது சிதறி கையில சிலாம்பா ஏறும். வெட்டறதுக்கு இரும்பு ரம்பம், பைப் கட்டர் எல்லாம் கூடாது, வேகமா சுத்தற அரைக்கற சக்கரம்தான், மூக்குல மாஸ்க் போட்டுக்கிட்டு வெட்டணும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இப்போ இருக்கற அம்பெல்லாம் ஏற்கெனவே குட்டையா வெட்டினதுன்னா கனமான முனை ஒண்ணு வாங்கிப் போட்டு ஒரு தடவை முயற்சி பண்ணலாம், கேக்கலைன்னா இன்னும் அதிக பவுண்டு வில்லு வச்சிருக்கற யாருக்காவது வித்துடுங்க.

இப்படிக்கு,
வாரக் கடைசில வில்லும் கையுமா திரியற ஒரு வாசகன்,
திருச்சி