வாயடைத்துப்போன உபதேசியாருக்கு

அன்புள்ள உபதேசியார் அண்ணனுக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை கல்மண்டபம் டீக்கடையில் நீங்கள் சொன்னது இன்னும் மனதில் கிடக்கிறது. "இருபது வருஷமா ஜெபம் சொல்ற வாய்டா இது. அன்னிக்கு ஒரு வார்த்தை வரல. வெக்கமா இருக்கு." எனக்கும் அப்போது பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

காசிமேட்டு ஆயாவின் மகன் கடலுக்குப் போய்த் திரும்பாத அந்த வாரம், வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான். "விதி" என்றார் ஒருவர். "நல்லவங்களைத்தான் ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்" என்றார் உங்கள் கோயிலிலிருந்து வந்தவர். நானும் என் பங்குக்கு, "கடவுள் சோதிக்கிறார் ஆயா" என்று உளறினேன். ஆயா என்னைத் திரும்பிப் பார்த்து, "கம்முனு கெட" என்றது.

ஆயா அருணகிரிநாதரைப் படித்ததில்லை. கந்தர் அநுபூதியில் முருகன் அவருக்குச் சொல்லும் உபதேசமும் ஏறக்குறைய அதேதான்: "சும்மா இரு சொல் அற". அப்புறமும் அவர் பாடாமல் இருந்தாரா என்ன! நம்மாழ்வாரும் அப்படித்தான். ஆணல்லன், பெண்ணல்லன், காணலும் ஆகான் என்று கையை விரித்தவர், திருவாய்மொழியில் பாடி வைத்தது 1,102 பாசுரம். சொல்ல முடியாது என்பதைச் சொல்லவே இவர்களுக்கு இவ்வளவு தமிழ் தேவைப்பட்டிருக்கிறது.

நிஜமாகவே நிறுத்திவிட்டவர் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார். தாமஸ் அக்குவினாஸ் என்ற இறையியல் அறிஞர், 1273 டிசம்பர் 6 அன்று நேப்பிள்ஸில் பூசை வைத்த பிறகு, எழுதிக்கொண்டிருந்த பெரிய நூலைத் தொடவே இல்லை. எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தெரிகிறது என்றாராம். அடுத்த மார்ச்சில் ஆளும் போய்விட்டார்.

எங்கள் திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருஷம் முழுக்க மேலே கவசம் இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் அதைக் கழற்றித் தைலம் சாத்துவார்கள். சின்ன வயதில் கவசம்தான் சாமி என்று நினைத்திருந்தேன். அம்மாவோடு முட்டி மோதிப் போய்ப் பார்த்த அன்று, கருவறை இருட்டில் எண்ணெய் மினுக்கத்தோடு கறுப்பாக ஏதோ ஒன்று தெரிந்தது. "சாமி எங்கம்மா?" என்று கேட்டேன். கைகூப்பி நின்ற அம்மா பதில் சொல்லவில்லை. கேட்டிருக்கவே மாட்டார்.

அப்பன், அம்மை, பிதா, ஆண்டவர் எல்லாமே அந்தக் கவசம் போலத்தான் என்று இப்போது தோன்றுகிறது. கவசம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மற்ற நாளெல்லாம் கும்பிட அதுதானே இருக்கிறது. ஆனால் அதைக் கழற்றி, பிள்ளையைப் பறிகொடுத்தவள் மேல் வீசக் கூடாது. நான் வீசினேன். நீங்கள் வீசவில்லை. இதில் வெட்கப்பட வேண்டியவன் யார், சொல்லுங்கள்?

நேற்று ஆயாவைப் பார்த்தேன். கடை போடவில்லை, காலிக் கூடைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. "அந்தக் கண்ணாடிக்காரர் வரலியா?" என்று கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு நடை போய்வாருங்கள் அண்ணே. நான் வரலாமா என்று மட்டும் ஆயாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டைத் தம்பி