சப்வூஃபர் வாங்குமுன் கூடத்தை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கினால் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் சப்வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி) விற்பனை சூடுபிடித்துவிடும். வாங்குகிறவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான்: எத்தனை அங்குலம், எத்தனை வாட்? வீட்டில் போட்டபின் "ஒரே இரைச்சலா இருக்கு" என்றோ "உக்கார்ற இடத்துல பேஸே இல்ல" என்றோ வருந்துகிறார்கள். அநேகமாகப் பெட்டியில் கோளாறு இருக்காது. வைத்த இடமும் இணைத்த விதமும்தான் காரணம்.

முதலில் வாட். அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்ச சக்தி) என்று போட்டு 5000, 8000 என்றிருந்தால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள். ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, எவ்வளவு என்று கேளுங்கள். பின்பக்கத் தகட்டில் மின்பயன்பாடு 60 வாட் என்று அச்சிட்ட பெட்டி 1000 வாட் ஒலியைத் தொடர்ந்து தர வழியே இல்லை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீட்டுக் கூடத்துக்கு 8 அல்லது 10 அங்குலமும் உண்மையான 100 முதல் 200 ஆர்.எம்.எஸ். வாட்டும் தாராளம். பாட்டு அதிகம் கேட்பவர்கள் துளையில்லாத மூடிய பெட்டியை எடுக்கலாம். அடி சுருக்கமாக விழும், சுவரருகில் வைத்தாலும் அடங்கி நிற்கும். படத்தில் வரும் வெடிச்சத்தம் வேண்டுமென்றால் துளையுள்ள பெட்டி. ஒன்று, மலிவான பெட்டியில் வால்யூமைத் தூக்கினால் அந்தத் துளையில் காற்று 'புஸ்' என்று சீறும்.

இனி இடம். 20 அடி நீளம், 12 அடி அகலமுள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் சுமார் 28 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 28 அதிர்வு) ஒலியும் அகலவாக்கில் சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலியும் சுவருக்குச் சுவர் மோதி அங்கேயே தேங்கி நிற்கும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அதற்குச் சற்று மேலுள்ள ஒரு சுரம் மட்டும் உறும, மற்றவை மெலிந்து கேட்பது இதனால்தான். நாற்காலி சரியாக நடுக்கூடத்தில் இருந்தால் அந்த இரண்டு அலைவரிசையும் காணாமல் போகும். வால்யூமை ஏற்றிப் பயனில்லை. சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, சப்வூஃபரைத் தற்காலிகமாக நாம் உட்காரும் நாற்காலிமேல் வைத்து, பேஸ் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து, காதைத் தரைக்கு அருகில் வைத்துக் கேளுங்கள். எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடம் எதுவோ, அங்கேதான் பெட்டி. மூலையில் சத்தம் அதிகம் கிடைக்கும். உறுமலும் அங்கேதான் அதிகம்.

ஹோம் தியேட்டர் ரிசீவர் (டிவியையும் ஸ்பீக்கர்களையும் இணைக்கும் மையக் கருவி) இருந்தால் 'சப் அவுட்' துளையிலிருந்து ஒரே ஓர் ஆர்.சி.ஏ. கேபிள், சப்வூஃபரின் 'எல்.எஃப்.இ.' துளைக்கு. ரிசீவரில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை (எந்த ஒலிக்குக் கீழே சப்வூஃபர் ஏற்க வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் விடுங்கள். கையடக்கமான குட்டி ஸ்பீக்கர்கள் என்றால் 120. பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில். சப்வூஃபரின் பின்னாலுள்ள கிராஸ்ஓவர் குமிழை மிக உயர்ந்த எண்வரை திருப்பிவிட வேண்டும். 80-இல் விட்டால் ஒரே ஒலி இரண்டு முறை வடிகட்டப்பட்டு நடுவில் பள்ளம் விழும். வால்யூம் குமிழ் பாதியில் இருக்கட்டும். ரிசீவரின் தானியங்கி அளவீட்டை ஓடவிட்டபின் சப் அளவு −12 என்று அடிமட்டத்தில் நின்றால், குமிழைக் குறைத்து மறுபடி ஓடவிடுங்கள். அதில் சப்வூஃபருக்குக் காட்டும் தூரம் உண்மைத் தூரத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். சப்வூஃபருக்குள் ஏற்படும் தாமதத்தை அது கணக்கில் சேர்க்கிறது, திருத்தாதீர்கள்.

சப் அவுட் இல்லாத பழைய ஸ்டீரியோ ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) இருந்தாலும் கவலையில்லை. 'ஹை லெவல்' முனைகள் உள்ள சப்வூஃபராகப் பார்த்து வாங்கி, ஆம்பை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் ஒயர் போகும் அதே முனைகளிலிருந்து இன்னொரு ஜோடி ஒயரைச் சப்வூஃபருக்கு இழுக்கலாம். ஆம்புக்கு இதனால் கூடுதல் சுமை ஏற்படாது. இங்கே கிராஸ்ஓவர் குமிழை 60 ஹெர்ட்ஸில் தொடங்கிக் காதால் சரிசெய்யுங்கள். ஒலி அலையைத் தலைகீழாகப் புரட்டும் ஃபேஸ் சுவிட்சை ஒருவர் 0, 180 என்று மாற்ற, மற்றவர் உட்காரும் இடத்தில் கேட்கட்டும். பேஸ் தடித்துக் கேட்கும் பக்கமே சரி.

இளைஞர்களுக்கு ஒன்று. காரின் பின்புறச் சாமான் அறையிலிருந்து கழற்றிய சப்வூஃபரையும் அதன் ஆம்பையும், கணினியின் 12 வோல்ட் பவர் சப்ளையில் மாட்டுகிறீர்கள். 300 வாட் ஒலிக்குக் கார் ஆம்ப் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். பழைய கணினிப் பவர் சப்ளை பலவற்றால் அதைத் தாங்க முடியாது, சூடேறி நின்றுவிடும். காருக்குள் கேட்ட அதே ஆழமும் வீட்டில் கிடைக்காது. அடைத்த சிறு இடத்தில்தான் கீழ்ப் பேஸ் தானாகக் கூடும்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் முதலில் டிவியின் டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது அந்தக் கேபிள் வழியாகத்தான் வருகிறது, பொருத்தியவரிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள். நிற்காவிட்டால் டிவி, ரிசீவர், சப்வூஃபர் மூன்றையும் ஒரே மின்சாக்கெட்டில் இணைத்துப் பாருங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் ஒயரை வெட்டிவிடும் பழக்கம் உயிருக்கே ஆபத்து. உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் ஆம்பின் உலோக உடலும் ஆர்.சி.ஏ. முனைகளும் மின்சாரம் பாயும் இடமாகிவிடும், குழந்தைகள் தொடும் உயரத்தில். இதைச் செய்து கொடுக்கும் கடைக்காரர்கள் உடனே நிறுத்த வேண்டும்.

வரிசை வீட்டில் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான சுவரிலிருந்து பெட்டியை முடிந்தவரை விலக்கி வையுங்கள். அடியில் ரப்பர் மெத்தை போட்டால் தரை அதிர்வும் அலமாரி, சன்னல் கண்ணாடிகளின் கடகடப்பும் குறையும். காற்றில் போகும் பேஸை அது தடுக்காது. இரவு 10 மணிக்குமேல் ரிசீவரில் சத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் 'நைட் மோட்' போட்டு, சப் அளவை 6 டெசிபல் இறக்கினால் வசனமும் தெளிவாகக் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரரும் தூங்குவார்.

இப்படிக்கு,
ஒலிக்கருவிகள் பொருத்துபவர்,
சுங்கை சிப்புட், பேராக்