மவுண்ட் ஸ்மார்ட்டுக்குத் திரும்பியவர்கள்

ஆக்லாந்து
10-10-2023

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்கு வேலையைக் காரணம் சொன்னால் அது பொய். செப்டம்பர் மாதம் முழுவதும் இந்த ஊரில் யாருக்கும் வேறு நினைப்பே இல்லை, எனக்கும் இல்லை. எங்கள் ஊர் ரக்பி லீக் அணிதான் எல்லோர் வாயிலும்: வாரியர்ஸ், வாரியர்ஸ், வாரியர்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை சேப்பாக்கத்தில் இரண்டு ரன்னுக்கு மூன்று விக்கெட் விழுந்தபோது உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கோலியும் ராகுலும் காப்பாற்றிவிட்டார்கள். சரி, கிரிக்கெட் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் என் கதையைக் கேள். நான்காவது இடத்தில் முடித்த ஓர் அணிக்காக நாற்பத்தெட்டு வயதில் நான் ஏன் அழுதேன் என்பது உனக்குத்தான் புரியும்.

இங்கே ரக்பி என்றால் எல்லோருக்கும் நாட்டின் தேசிய அணியான ஆல் பிளாக்ஸ்தான். அது யூனியன். நான் சொல்வது ரக்பி லீக். 1895-இல் வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள், ஆடப் போனால் அன்றைய கூலி போகிறதே, அதற்கு ஈடு கொடுங்கள் என்று கேட்டதில் வந்த பிளவு அது. கூலியைக் கேட்டவர்களின் ஆட்டம் லீக் ஆனது. ஆக்லாந்திலும் தொழிலாளர் குடியிருப்புகளில்தான் அது வேரூன்றியது. இன்றும் தெற்கு ஆக்லாந்தின் மாவோரி, சமோவா, டோங்கா வீடுகளில்தான் அதற்கு உயிர்.

ஆட்டம் புரிவது எளிது. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், 80 நிமிடம். பந்தோடு ஓடுகிறவனை மடக்குவதற்கு டாக்கிள் என்று பெயர், நம் சடுகுடுவில் பிடி போடுவது போலத்தான். ஆறு பிடி வரை பந்து உன்னிடம் இருக்கும், ஆறாவது பிடியில் எதிரணிக்குப் போய்விடும். அதற்குள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் நான்கு புள்ளி, அதற்கு ட்ரை என்று பெயர். அவ்வளவுதான். இந்த ஆறு பிடியையும் பந்தைக் கைநழுவ விடாமல் முடிப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. கேட்க ஒன்றுமில்லாத விஷயம் போலத் தோன்றும். எங்கள் அணி பல வருடமாகச் செய்யத் தவறியது அதைத்தான்.

ஆஸ்திரேலிய ரக்பி லீக் போட்டியில் ஆடும் ஒரே நியூசிலாந்து கிளப் வாரியர்ஸ். 1995 மார்ச்சில் இங்கே ஆக்லாந்தின் மவுண்ட் ஸ்மார்ட் மைதானத்தில் பிரிஸ்பேன் பிராங்கோஸுக்கு எதிராக முதல் ஆட்டம், 25-22 என்று தோல்வி. 2002-லும் 2011-லும் இறுதிப்போட்டி வரை போனார்கள், இரண்டிலும் தோற்றார்கள். கோப்பை இன்றுவரை வரவில்லை. அந்த மைதானம் ஒரு காலத்தில் எரிமலைக் குன்று. கல்லுக்காக வெட்டி வெட்டி எடுத்து, மிஞ்சிய பள்ளத்தில்தான் இப்போது கேலரி நிற்கிறது. முதல்முறை போனபோது என் பக்கத்து வீட்டு டோங்கா பெரியவர்தான் இதைச் சொன்னார். 1995-இல் அந்த முதல் ஆட்டத்தையே நேரில் பார்த்தவர் அவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இப்போது என் பிள்ளைகளிடம் தன்னை ‘மாமா’ என்றே சொல்லிக்கொள்கிறார்.

2020 மார்ச்சில் எல்லை மூடியபோது அணி ஆஸ்திரேலியாவில் இருந்தது. போட்டி நின்றதும் ஊர் வந்தார்கள். மே மாதம் மறுபடி தொடங்கியபோது, நீங்கள் வந்தால்தான் போட்டி நடக்கும் என்ற நிலை. மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். டாம்வொர்த்தில் தனிமைப்படுத்தல், அப்புறம் கோஸ்ஃபோர்டு, 2022-இல் ரெட்கிளிஃப், எல்லாம் ஆஸ்திரேலிய ஊர்கள். ‘சொந்த மைதானம்’ என்று அட்டவணையில் போட்டிருக்கும், ஆனால் அது வேறொருவரின் ஊர். சிலரால் மனைவி மக்களைப் பிரிந்திருக்க முடியவில்லை, 2020 நடுவிலேயே திரும்பிவிட்டார்கள். ஆள் குறைந்துபோய் மற்ற கிளப்புகள் ஆட்டக்காரர்களைக் கடன் கொடுத்தன. 2018-இல் சென்னை ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றினார்களே, நீ மஞ்சள் சட்டையோடு ரயிலேறிப் போனாயே, அந்த வருத்தத்தை எடுத்து மூன்று வருடத்துக்கு நீட்டிப் பார்.

அந்த மூன்று வருடத்துக்குள் நான்கு கோச்சுகள். ஸ்டீபன் கேர்னி பாதியில் போனார், டாட் பேய்டன் தற்காலிகமாக வந்தார், நேதன் பிரவுன் வந்து 2022 நடுவில் விலகினார், மீதி சீசனை ஸ்டேசி ஜோன்ஸ் பார்த்துக்கொண்டார். அந்த வருடம் ஏப்ரல் 25-ஆம் தேதி, இங்கே போர்வீரர்களை நினைவுகூரும் நாள், மெல்போர்ன் ஸ்டார்ம் எங்களை 70-10 என்று அடித்தது. நான் டிவியை அணைக்கவில்லை, கடைசி வரை பார்த்தேன். சீசன் முடிவில் பதினாறு அணிகளில் பதினைந்தாவது இடம்.

எனக்கு ஏன் இது இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பாய். 2021 ஆவணியில் அப்பா போனபோது நான் இங்கே அடைபட்டிருந்தேன். கிளம்பினால் திரும்பி வர இடம் கிடைக்குமா என்று தெரியாது, பிள்ளைகள் சின்னவர்கள். நீதான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சுடுகாடு வரை நடந்தாய். வெயிலில் உன் கை நடுங்கியதால் படமும் ஆடிக்கொண்டே இருந்தது. அதற்கு நான் உனக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. அந்த நாட்களில் ஊர் போக முடியாமல் கிடந்த எல்லோரையும் என் சொந்தக்காரர்களாக நினைத்துக்கொண்டேன். இந்த அணியையும் அப்படித்தான்.

2022 ஜூலை 3-ஆம் தேதி அவர்கள் மவுண்ட் ஸ்மார்ட்டுக்குத் திரும்பினார்கள். ஏறக்குறைய மூன்று வருடத்துக்குப் பிறகு. நானும் மாமாவும் போயிருந்தோம். வெஸ்ட்ஸ் டைகர்ஸை 22-2 என்று வென்றார்கள். ஆனால் ஸ்கோரா முக்கியம்? அணி மைதானத்துக்குள் ஓடி வந்தபோது மாமா எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை.

இந்த வருடத்துக்குத்தான் புதுக் கோச். ஆண்ட்ரூ வெப்ஸ்டர், சிட்னிக்காரர். 2021, 2022 இரண்டு வருடமும் கோப்பை வென்ற பென்ரித் என்ற சிட்னி கிளப்பில் ஐவன் கிளியரிக்குத் துணையாக இருந்தவர். அந்தக் கிளியரி யார் தெரியுமா? 2011-இல் எங்களை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோன கோச். அதற்கு முன் 2002 இறுதிப்போட்டியில் எங்களுக்காக ஆடியவர். இங்கிருந்து போன கை வேறு ஊரில் ஒரு பள்ளியைக் கட்டி, அந்தப் பள்ளியிலிருந்து ஒருவர் இங்கே வந்திருக்கிறார். வெப்ஸ்டரும் முன்னால் சில காலம் இங்கே துணைக் கோச்சாக இருந்தவர்தான். தனக்கு முன் பொறுப்பில் இருந்த ஸ்டேசி ஜோன்ஸைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது முதலில் அதனால்தான். புதிதாக வருகிறவர்கள் பழைய ஆளைத்தானே முதலில் அனுப்புவார்கள்?

வந்தவர் மாயம் எதுவும் செய்யவில்லை. தலைப்புச் செய்தியாகும் பெயர்களும் அதிகம் வரவில்லை. மிச் பார்னெட், மராட்டா நியுகோரே, டிலன் வாக்கர் என்று உழைக்கிற ஆட்கள் வந்தார்கள். மாறியது ஆட்டத்தின் குணம். ஆறு பிடியையும் முடி, பந்தை மூலைக்கு உதை, எல்லோரும் சேர்ந்து ஓடிப் போய் எதிரியை அவன் கோட்டருகிலேயே நிறுத்து. பின்தங்கினாலும் அதையே செய். முன்பெல்லாம் ஒரு ட்ரை வாங்கினால் எங்கள் ஆட்கள் அவசரப்பட்டு எதையாவது அற்புதமாகச் செய்யப் பார்ப்பார்கள், பந்து கீழே விழும், அடுத்த ட்ரையும் போகும். இந்த வருடம் அந்தப் பதற்றம் இல்லை. ஐந்தாவது வாரம் குரோனல்லாவில் வெகுவாகப் பின்தங்கி, கடைசியில் 32-30 என்று ஜெயித்தார்கள். ஷான் ஜான்சன் அடித்த பெனால்டிதான் முடித்துவைத்தது. அதுவும் தன் பழைய கிளப்புக்கு எதிராக.

ஜான்சனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011-இல் இங்கே வந்த சிறுவன், அதே வருடம் இறுதிப்போட்டி ஆடினான். 2018-க்குப் பிறகு கிளப் போகச் சொல்லிவிட்டது. 2022-இல் திரும்பி வந்தபோது முடிந்துபோன ஆள் என்று எல்லோரும் பேசினார்கள், நானும் பேசினேன். வெப்ஸ்டர் அவரிடம் ஆட்டத்தையே ஒப்படைத்துவிட்டார். 33 வயதை எட்டிய இந்த வருடம் தன் வாழ்நாளின் நல்ல ஆட்டங்களை ஆடினார். ஜூலையில் கான்பெராவோடு 20-20 என்று சமன். கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. ஜான்சன் தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய் 21-20. மழைக்கோட்டோடு நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் பதக்கத்தை ஒரே ஒரு புள்ளியில் நியூகாசிலின் கேலின் போங்காவிடம் இழந்தார், 56-க்கு 55. அந்த ஒரு புள்ளி எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆண்டின் சிறந்த கோச் விருது வெப்ஸ்டருக்குக் கிடைத்தது, அதில் ஒரு ஆறுதல்.

24 ஆட்டத்தில் 16 வெற்றி, நான்காவது இடம். விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஆடும் டாலின் வட்டேனே-செலெஸ்னியாக் ஒரே சீசனில் 24 ட்ரை போட்டுக் கிளப்பின் பழைய சாதனையை முறியடித்தார். ஊர் முழுக்க ஒரே வார்த்தை, ‘அப் த வாஸ்’. வாரியர்ஸைத்தான் செல்லமாக வாஸ் என்பார்கள். கடையில் பில் போடுகிறவர் சில்லறையோடு அதையும் சொல்வார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவரிடம் நன்றிக்குப் பதில் அதைச் சொல்வோம். பிரான்சில் ரக்பி உலகக் கோப்பை நடக்கிறது, ஆல் பிளாக்ஸ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். ஆனாலும் தேநீர் இடைவேளையில் என் வேலையிடத்தில் பேச்சு ஜான்சனின் கெண்டைக்கால் தசையைப் பற்றி. இந்த நாட்டில் அப்படி நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆம், நாக்-அவுட் சுற்றின் முதல் வாரமே அந்தத் தசை அவரை உட்கார வைத்துவிட்டது. அவர் இல்லாமல் பென்ரித்தில் 32-6 என்று தோற்றோம், வெப்ஸ்டரின் பழைய வீட்டிலேயே. நான்குக்குள் முடித்ததால் இன்னொரு வாய்ப்பு இருந்தது. செப்டம்பர் 16, சனிக்கிழமை, மவுண்ட் ஸ்மார்ட். 2008-க்குப் பிறகு அந்த மைதானத்தில் நடக்கும் முதல் நாக்-அவுட் ஆட்டம். எதிரே தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்த நியூகாசில். மாமா வீட்டிலிருந்து லூ கட்டிக் கொண்டு வந்திருந்தார். சேப்பங்கிழங்கு இலையில் ஆட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துச் சுற்றி வேகவைத்தது. ஆட்டத்துக்கு முன் காரிலேயே சாப்பிட்டோம்.

40-10. ஜான்சன் திரும்பி வந்திருந்தார். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே கூட்டம் பாட ஆரம்பித்துவிட்டது. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, அப்பா ஞாபகம் வந்துவிட்டது. வந்து சேர வேண்டியவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள், அவர் ஒருவரைத் தவிர. மாமா ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கை வைத்துக்கொண்டு ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை பிரிஸ்பேனில் 42-12 என்று முடிந்தது. அங்கே எங்களைக் கிழித்தவர்களில் ஒருவர் ரீஸ் வால்ஷ், போன வருடம் வரை எங்கள் ஆள். என் குழந்தை அங்கே இருக்கிறாள், நான் ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்டு விடுவித்துக்கொண்டு போனவர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் ஆடிய அதே இடத்துக்கு இந்த வருடம் வந்தவர் சார்ன்ஸ் நிக்கோல்-கிளோக்ஸ்டாட், ஆக்லாந்துப் பையன். அவரும் கான்பெராவிலிருந்து ஊர் திரும்பியவர்தான்.

அடுத்த வருடம் எப்படி இருக்குமோ. இனி எல்லா அணிகளும் எங்களுக்காகத் தயாராகி வரும், ஜான்சனுக்கும் வயதாகிறது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நானும் மாமாவும் சீசன் டிக்கெட் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம், கிழக்குப் பக்கம், வெயில் விழும் இடம்.

தை மாதம் குடும்பத்தோடு வருகிறேன். அப்பாவின் திதிக்கு முடியவில்லை, பொங்கலுக்காவது அந்த வீட்டில் இருக்க வேண்டும். நீயும் வந்துவிடு, அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. முழங்கால் வலி என்று எழுதியிருந்தாய், டாக்டர் சொன்ன நடையை விட்டுவிடாதே.

வரும் வெள்ளிக்கிழமை, 13-ஆம் தேதி, சேப்பாக்கத்தில் நியூசிலாந்து ஆடுகிறது, பங்களாதேஷுக்கு எதிராக. டிக்கெட் கிடைத்தால் போ. கேலரியில் இங்கிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பேராவது இருப்பார்கள். பக்கத்தில் போய் ‘அப் த வாஸ்’ என்று சொல்லிப் பார். என்ன பதில் வந்தது என்று மறக்காமல் எழுது.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்