கூண்டுக்குக் கீழே உள்ள கடலுக்கும் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த கடல் கூண்டு மீன் வளர்ப்பு, 2020இல் தொடங்கிய மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மானியத்தால் மேலும் ஊக்கம் பெற்றிருக்கிறது. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என நீளும் எங்கள் நெல்லைக் கடற்கரைக்கும் கூண்டுகள் வருமானால், வருமானத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அனுமதி கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தத் தொழிலின் நல்லது கெட்டதை நெடுங்காலமாகப் பார்த்தவை நார்வே, ஸ்காட்லாந்து, சிலி போன்ற சால்மன் வளர்க்கும் நாடுகள். குளிர்க்கடல் மீனான சால்மனை நம் கடலில் யாரும் வளர்க்கப் போவதில்லை. ஆனால் இங்கே கூண்டில் கடல் விரால், கொடுவா மீன்களை வளர்க்கும் முறையும் அதேதான். கடலில் வலைக்கூண்டு மிதக்கிறது. மேலிருந்து தீனி போடுகிறார்கள். மிச்சத் தீனியும் மீனின் எச்சமும் கண்ணி வழியே நேரே கடலடிக்குப் போகின்றன. நீரோட்டம் போதாத இடத்தில் அவை குவிந்து அழுகும்போது அடித்தண்ணீரில் உயிர்வளி குறைகிறது, சேறு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது, அதன்மேல் பாக்டீரியாக்கள் வெள்ளைப் படலமாகப் படர்கின்றன. அதனால்தான் அந்நாடுகளில் ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் கூண்டு நின்ற இடத்தைச் சில காலம் தரிசாகப் போடுகிறார்கள். அப்படியும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் உள்ள மக்குவாரி துறைமுகத்தில் ஆழ்நீரின் உயிர்வளி குறைந்துபோய், அருகிவரும் மௌஜியன் திருக்கை அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அதற்கு சால்மன் பண்ணைகளே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

எங்கள் கடலில் இது எங்கே போய் அடிக்கும் என்பதை எந்த மீனவரும் சொல்வார். கரையோரப் பார்களின், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளின், இடுக்குகளில்தான் சிங்கி இறாலும் களவாய் மீனும் கிடக்கின்றன. சிறு வள்ளக்காரர்களுக்குக் கையில் நாலு காசு நிற்பது அவற்றால்தான். சால்மனைத் தாக்கும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணியை ஒழிக்கத் தீனியில் கலக்கும் மருந்துகளில் ஒன்று எமமெக்டின் பென்சோயேட். நம் விவசாயிகள் பருத்திக்கும் கத்தரிக்கும் புழுவுக்காக அடிக்கும் அதே மருந்துதான். கடல் பேனும் சிங்கி இறாலும் நண்டும் ஓட்டுடலிகள் என்பதால், ஒன்றைக் கொல்லும் நஞ்சு மற்றவற்றையும் தாக்கும் ஆபத்து இருக்கிறது. இங்கே எந்த மருந்து, எவ்வளவு போடப்படும் என்பதை முன்கூட்டியே சொல்ல வைக்க வேண்டும்.

தீனி இன்னொரு பெரிய கேள்வி. கடல் விரால் மீனைத் தின்று வளரும் மீன். ஒரு கிலோ விராலுக்குப் பல கிலோ சாளையும் பொடிமீனும் போட வேண்டியிருக்கும். சால்மன் தொழிலில் 1990 வாக்கில் தீனியில் பத்தில் ஒன்பது பங்கு மீன்தூளும் மீன் எண்ணெயுமாக இருந்தது. பிறகு சோயா முதலியவற்றைச் சேர்த்து அதை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கரையில் காலை ஏலத்தில் சாளையும் நெத்திலியும் விழும் விலையைப் பார்த்துத்தான், கூடையோடு வந்து நிற்கும் பெண்கள் அன்றைக்கு ஊர்ப்பக்கம் வியாபாரத்துக்குப் போவதா, வெறுங்கையோடு திரும்புவதா என்று முடிவு செய்கிறார்கள். மீன்தூள் ஆலைக்குப் போகும் லாரியோடு அவர்களால் ஏலத்தில் போட்டி போட முடிவதில்லை. கூண்டுத் தீனிக்கும் அதே மீன் போகுமானால், ஏழை வீட்டுக் குழம்பு மீனை எடுத்து ஏற்றுமதி மீனை வளர்ப்பதாகவே அது முடியும்.

கூண்டு உடைவதும் நடக்காததல்ல. 2017இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரே பண்ணை சரிந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அயல் சால்மன்கள் கடலில் கலந்தன. அங்கே குடாவுக்குள் இருந்த பண்ணைக்கே அந்தக் கதி. இங்கே கச்சான் என்னும் மேற்குக் காற்றுக் காலத்தில் அலையைத் தடுக்க ஒரு தீவுகூடக் கிடையாது. வளர்ப்புக்கென்று கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் படர்ந்ததை மன்னார் வளைகுடா ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

1996 டிசம்பரில் இறால் பண்ணைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவற்றால் நிலமும் கிணறும் கெட்டுப்போயிருந்தன. இம்முறை முன்னதாகவே விழித்துக்கொள்ள வழி இருக்கிறது. 2023இல் திருத்தப்பட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கூண்டு வளர்ப்பையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது. நார்வே 2017 முதல் தன் கடற்கரையை 13 மண்டலங்களாகப் பிரித்து, கடல் பேனால் காட்டு சால்மனுக்கு ஏற்படும் பாதிப்பை அளந்து, பாதிப்பு மிகுந்த மண்டலத்தில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறது. நம் ஆணையமும் மீன்வளத் துறையும் ஒவ்வொரு கூண்டுக்கும் அனுமதி கொடுக்கும் முன் அடித்தரையின் சேற்றையும் உயிர்வளியையும் அளக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் அளந்து, அளவு கெட்டால் கூண்டை அகற்ற வேண்டும். பார்கள் உள்ள இடங்களைப் பல தலைமுறையாக அறிந்த மீனவர்களைக் கேட்டே இடம் குறிக்க வேண்டும். அளவு விவரங்களைத் தமிழில் அச்சிட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவரி, திருநெல்வேலி மாவட்டம்.