காலேஜா, கம்பெனியா? இரண்டு கணக்கிலும் ஓட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "படிச்சு என்ன ஆகப்போகுது, பனியன் கம்பெனிக்கே போறனுங்கப்பா" என்கிறான் பையன். அவன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஆனால் தினம் ஒன்றரை ஷிப்ட், வாரத்துக்கு ஒன்பது ஷிப்ட் என்று சனிக்கிழமைச் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, அதையே 52 வாரத்துக்கும் பெருக்கிவிடுகிறான். ஆர்டர் குறைந்தால் ஒன்றரை ஒன்றாகும். அப்புறம் வாரத்தில் நாலு நாள்தான் வேலை இருக்கும். பவர் டேபிளில் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷினில்) பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் இருபது வயதுக்காரராக இருந்தாலும் நாற்பது வயதுக்காரராக இருந்தாலும் பீசுக்கு ஒரே கூலி.

அப்பாவின் கணக்கு இன்னும் மோசம். நாலு வருட இன்ஜினியரிங் (பி.இ.) படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் கல்விக்கடன் வாங்கினால் நாலு லட்சம்தானே கடன் என்று நினைக்கிறார். வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். அதற்குள் முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, கடைசி லட்சத்துக்கு இரண்டு வருட வட்டி என்று 1,40,000 ரூபாய் ஏறியிருக்கும். 5,40,000 ரூபாயைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய். முதல் வேலையில் 15,000 கிடைத்தால் ஏறக்குறையப் பாதி அதற்கே போய்விடும். படிக்கும்போதிருந்தே, தவணை தொடங்கும்வரை வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் கடன் நாலு லட்சத்தைத் தாண்டாது. இதைப் பலர் செய்வதில்லை.

கடனே தேவைப்படாத பிள்ளையைக்கூட, காலேஜுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் கடனாளி ஆக்கிவிடுகிறார் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால், கல்விக் கட்டணம் மட்டுமல்ல, விடுதிக் கட்டணமும் அரசு கட்டுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் சலுகை உண்டு. அரசு நடத்தும் கவுன்சிலிங்கில் எடுத்த சீட்டுக்குத்தான் இந்த இரண்டும். கவுன்சிலிங்குக்கு முன்பே "இப்பவே சீட்டப் போட்டு வெச்சுருங்க" என்று அட்வான்ஸ் வாங்குவது, காலேஜ் நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் சீட். அதற்கு எதுவும் கிடையாது. அப்படிக் கட்டிவிட்டீர்களா? வகுப்பு தொடங்குமுன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளவும் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. விலகல் கடிதத்தின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தக் கல்லூரி என்று பார்க்க, பஸ்ஸையும் கட்டடத்தையும் விட்டுவிட்டு, அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடும் கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். அட்டானமஸ் (தன்னாட்சி) கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் போடுவதால் அவற்றை இந்தத் தராசில் நிறுக்க முடியாது. பிள்ளையின் கட்-ஆஃபையும் பிரித்துப் பாருங்கள். 200க்கு 130 என்றாலும் அதில் கணக்குப் பங்கு 100க்கு 55தான் என்றால், முதல் ஆண்டில் மேட்ரிக்ஸும் கால்குலஸும் வந்ததுமே அரியர் விழும். அரியர் நிலுவையில் இருப்பவரைப் பல கம்பெனிகள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கே கூப்பிடுவதில்லை.

இப்படிப்பட்டவருக்குப் பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாவது முடித்தவர் மட்டும்தான் அங்கே சேரலாம் என்று இன்னமும் நினைக்கிறார்கள். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவர் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே வருடத்தில் டிப்ளமோ. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் இதே வழி உண்டு. கோவையில் பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறைகளுக்கும் சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) ஜாப் ஆர்டர் எடுப்பவர்களுக்கும் டிராயிங் பார்த்து, மைக்ரோமீட்டர் பிடித்து அளக்கத் தெரிந்தவர்தான் வேண்டும். பிறகு ஆசை இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆக மொத்தம் ஐந்து வருடம். நேரடி பி.இ.யைவிட ஒரு வருடம் கூடுதல்தான். நடுவில் நிறுத்தினாலும் கையில் டிப்ளமோ இருக்கும்.

இந்த வழியிலும் இடறும் இடம் ஒன்று உண்டு. பி.இ. முதலாண்டுக் கணக்கைப் படிக்காமல் நேராக மூன்றாம் செமஸ்டரில் உட்காருவதால் கணக்குத் தாளில்தான் பலர் விழுகிறார்கள். டிப்ளமோ தேர்வு முடிந்து பி.இ. வகுப்பு தொடங்குவதற்குள் கிடைக்கும் இடைவெளியில், பழைய பிளஸ் டூ புத்தகத்தின் வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதப் பாடங்களைத் தினம் ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய பேப்பர் கடைக்குப் புத்தகத்தைப் போட்டுவிடாதீர்கள்.

- ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர், பெருந்துறை